பாஷ்லி: எழுதுவது பல ஃபைல், கொடுப்பது ஒரே ஸ்கிரிப்ட்

பாஷ் (லினக்ஸ், மேக்கில் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்ட் சில நூறு வரிகளைத் தாண்டினால் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்த உடனே, வேறொரு ஃபைலை ஸ்கிரிப்டுக்குள் இழுத்துவரும் 'சோர்ஸ்' கமாண்டின் தொல்லை தொடங்குகிறது. 'லிப்/கலர்ஸ்.எஸ்ஹெச்' என்று பாதை கொடுத்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் பாஷ் தேடாது. ஓட்டுபவர் எந்த ஃபோல்டரில் நிற்கிறாரோ அங்கே தேடும். அதற்காக 'பாஷ்_சோர்ஸ்' மாறியிலிருந்து ஃபோல்டரைப் பிடிக்கும் வரியைச் சேர்ப்போம். ஸ்கிரிப்டுக்கு யாராவது சிம்லிங்க் (வேறிடத்திலிருந்து அதைச் சுட்டும் குறுக்குவழி) போட்டால் அந்த வரியும் சிம்லிங்க் கிடக்கும் ஃபோல்டரைத்தான் காட்டும். 'செட் -இ' (பிழை வந்ததும் ஓட்டத்தை நிறுத்தும் வரி) போடாத ஸ்கிரிப்டாக இருந்தால் இன்னும் மோசம்: ஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும், ஸ்கிரிப்ட் பாட்டுக்கு மேலே ஓடும்.

பல ஃபைல்களை ஒரே ஸ்கிரிப்டாக்கும் பாஷ்லி என்ற கருவியில் ஓடும் நேரத்து 'சோர்ஸ்' என்பதே இல்லை. இது ரூபியில் எழுதப்பட்ட ஜெனரேட்டர். எழுதுபவர் கணினியில் மட்டும் ரூபி இருந்தால் போதும். சப்கமாண்டுகள், ஃப்ளாகுகள், ஆர்க்யுமென்டுகளை ஒரு யாமல் (அமைப்புகளை எழுதும் எளிய உரை வடிவம்) ஃபைலில் அறிவித்துவிட்டு 'பாஷ்லி ஜெனரேட்' ஓட்டினால், ஒவ்வொரு சப்கமாண்டுக்கும் தனி ஃபைல் உருவாகும். அதற்குள் வேலைக்கான கோடை மட்டும் எழுதுகிறோம். மறுபடி ஜெனரேட் செய்தால் எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்கிரிப்டாக வெளியே வரும். ஆர்க்யுமென்ட் பிரிப்பது, உதவிப் பக்கம், தவறான ஃப்ளாகுக்கான பிழைச் செய்தி எல்லாம் அதிலேயே இருக்கும். பயனருக்குத் தேவை பாஷ் மட்டுமே.

ஆனால் அந்த பாஷ் பழையதாக இருக்கக் கூடாது. அசோசியேட்டிவ் அரே (எண்ணுக்குப் பதில் சொல்லைச் சாவியாகக் கொண்ட பட்டியல்) வேண்டியிருப்பதால், மேக்குடன் வரும் 3.2 பதிப்பில் இது ஓடாது. மேக் பயனர்களுக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் புதிய பாஷை நிறுவும் வழியை ரீட்மீயின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபைல் அமைப்பில் முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. இயல்பாக எல்லா சப்கமாண்ட் ஃபைல்களும் 'எஸ்ஆர்சி' ஃபோல்டரில் ஒரே மட்டத்தில் குவியும். ஐந்தாறு கமாண்டுக்கு அது போதும். இருபதைத் தாண்டினால் எதையும் தேடி எடுக்க முடியாது. செட்டிங்ஸ் ஃபைலில் 'கமாண்ட்ஸ்_டிர்' மதிப்பைக் கொடுத்தால், 'யூசர் ஆட்' என்ற கமாண்டின் கோடு 'கமாண்ட்ஸ்' ஃபோல்டருக்குள் 'யூசர்' ஃபோல்டரில் 'ஆட்' என்ற ஃபைலாக அமரும். கமாண்ட் மரமும் ஃபோல்டர் மரமும் ஒன்றாகிவிடும். யாமல் நீண்டால் அதையும் 'இம்போர்ட்' வைத்து உடைத்து, ஒவ்வொரு குழுவின் அறிவிப்பையும் அதன் கோடுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். பெரிய புராஜெக்டுக்கு இந்த அமைப்பைத்தான் பரிந்துரைப்பேன்.

இந்த மாற்றத்தைப் பாதியில் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். ஜெனரேட் ஏற்கெனவே உள்ள ஃபைலைத் தொடாது, இல்லாத ஃபைலை மாதிரிக் கோடுடன் புதிதாக உருவாக்கும். யாமலில் ஒரு கமாண்டின் பெயரை மாற்றினாலோ ஃபோல்டர் அமைப்பை மாற்றினாலோ, உங்கள் பழைய ஃபைல் அநாதையாகக் கிடக்க, மாதிரிக் கோடு வெளியீட்டுக்குள் போய்விடும். அந்த கமாண்ட் 'இங்கே கோடு எழுதவும்' என்ற பொருளில் சில வரிகளை அச்சிட்டு, வெற்றிக்கான 0 என்ற எக்ஸிட் கோடுடன் முடியும். எக்ஸிட் கோடை மட்டும் பார்க்கும் டெஸ்டில் இது பிடிபடாது. முதலில் 'கிட் மூவ்' செய்து ஃபைலைப் புதிய இடத்துக்கு நகர்த்துங்கள், பிறகு ஜெனரேட் செய்யுங்கள். மாதிரி வாசகம் வெளியீட்டில் இருக்கிறதா என்று சிஐ-யில் (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) ஒரு 'கிரெப்' தேடல் வைப்பதும் நல்லது.

'லிப்' ஃபோல்டர் விஷயம் வேறு. சப்கமாண்ட் ஃபைலின் கோடு ஒரு ஃபங்ஷனுக்குள் போய் உட்காரும், அதனால் அங்கே 'லோக்கல்' (ஃபங்ஷனுக்குள் மட்டும் செல்லும் மாறி) தாராளமாக எழுதலாம். 'லிப்' ஃபைல்களோ அப்படியே மேல்மட்டத்தில் ஒட்டப்படும். ஃபங்ஷனுக்கு வெளியே அங்கே ஒரு வரி எழுதினால், பயனர் எந்த கமாண்டை அழைத்தாலும், வெறும் உதவிப் பக்கம் கேட்டாலும்கூட, அது ஓடும். தொடக்க வேலைகளுக்கு 'இனிஷியலைஸ்' ஃபைல் தனியாக இருக்கிறது. இன்னொன்று, பெயர்வெளி கிடையாது. இரண்டு 'லிப்' ஃபைலில் 'லாக்' என்ற ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால் பிந்தியது முந்தியதைச் சத்தமில்லாமல் மேலெழுதிவிடும். ஃபைல் பெயரையே முன்னொட்டாக்கி 'டிபி_கனெக்ட்', 'டிபி_க்ளோஸ்' என்று எழுதும் ஒழுங்கை நீங்களேதான் காக்க வேண்டும், கருவி காக்காது.

செட்டிங்ஸில் 'ஸ்ட்ரிக்ட்' இயக்கினால் 'செட் -இயுஓ பைப்ஃபெயில்' வரும், அதாவது மதிப்பில்லாத மாறியைப் படித்தாலும் பைப்பின் நடுவே பிழை வந்தாலும் ஸ்கிரிப்ட் நிற்கும். இயக்காவிட்டால் 'செட் -இ' மட்டும். இயக்குவதே சரி. அதன்பின் பயனர் கொடுக்காத ஃப்ளாகை, கொடுத்த மதிப்புகளை வைத்திருக்கும் 'ஆர்க்ஸ்' அரேயிலிருந்து நேரடியாகப் படித்தால் 'அன்பவுண்ட் வேரியபிள்' என்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். சாவிக்குப் பின் முக்காற்புள்ளியும் கழித்தல் குறியும் இட்டு, காலி மதிப்பை இயல்பாக்கிப் படிக்க வேண்டும். பாதியில் இயக்குபவர்கள் எல்லா சப்கமாண்ட் ஃபைலையும் இதற்காக ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

பிழை வந்தால் பாஷ் காட்டும் வரி எண் உருவான ஸ்கிரிப்டுக்குரியது, நீங்கள் எழுதிய ஃபைலுக்குரியதல்ல. அங்கே போய் மேலே நகர்ந்தால், எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று ஒரு கமென்ட் குறித்திருக்கும். புரொடக்‌ஷன் சூழலுக்கு ஜெனரேட் செய்தால் இந்தக் குறிப்புகள் நீங்கிவிடும், ஆகவே பிழை தேடும்போது டெவலப்மென்ட் வெளியீட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக் கருவியையும் உருவான ஸ்கிரிப்டின் மீதே ஓட்டுங்கள். தனித் துண்டின் மீது ஓட்டினால் ஷெபாங் (எந்த ஷெல் என்று சொல்லும் முதல் வரி) இல்லை, 'ஆர்க்ஸ்' அறிவிக்கப்படவில்லை என்று தேவையற்ற எச்சரிக்கைகள்தான் குவியும்.

ரூபி வேண்டாதவர்களுக்கு, எல்லாம் உள்ளே நிறுவப்பட்ட டாக்கர் இமேஜ் இருக்கிறது. அதில் '--யூசர்' கொடுக்க மறந்தால் லினக்ஸில் உருவாகும் ஃபைல்கள் ரூட் பெயரில் வந்து, திருத்த முடியாமல் நிற்கும். குழுவாக வேலை செய்தால் பாஷ்லி பதிப்பை ஜெம்ஃபைலில் (தேவையான ரூபி தொகுப்புகளின் பட்டியல்) பூட்டிவிடுங்கள். ஆளுக்கொரு பதிப்பு வைத்திருந்தால், யாரும் ஒரு வரியும் மாற்றாமலே உருவான ஸ்கிரிப்டில் டிஃப் வந்துகொண்டிருக்கும். பதிப்பைப் பூட்டிய பிறகு, சிஐ-யில் மறுபடி ஜெனரேட் செய்து 'கிட் டிஃப்' காலியா என்று பார்த்தால், உருவான ஸ்கிரிப்டில் யாராவது கைவைத்திருப்பது உடனே தெரியும். அப்படிக் கைவைத்த திருத்தம் அடுத்த ஜெனரேட்டில் அழிந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

பாஷின் கூடுதல் வசதிகள் இல்லாத, டாஷ் போன்ற போசிக்ஸ் ஷெல்லில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுக்கு பாஷ்லி உதவாது. பயனர் போடும் ஃபைலை அதே ஸ்கிரிப்டுக்குள் 'சோர்ஸ்' செய்யும் பிளக்கின் அமைப்புக்கும் இது பொருந்தாது; யாமலில் 'எக்ஸ்டென்சிபிள்' இயக்கினால், தனக்குத் தெரியாத கமாண்டை வெளியே உள்ள தனி நிரலுக்கு அனுப்ப மட்டும் முடியும். சப்கமாண்டே இல்லாத நூறு வரி ஸ்கிரிப்டுக்கு இத்தனை ஏற்பாடு சுமை. சப்கமாண்டுகள் வளர்ந்துகொண்டே போகும் உள்கருவிகளுக்கு நான் இதைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.