செய்யாத சோதனைக்கு ஒரு கையெழுத்து: மின்துறை அப்ரண்டிஸ்களுக்கு எச்சரிக்கை

என் பயிற்சிப் பதிவேட்டின் 41ஆம் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ச் சோதனை எழுதப்பட்டிருக்கிறது. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகளை வைத்து, எண்ணெய் எத்தனை கிலோவோல்ட்டில் மின்சாரத்தைத் தடுக்க முடியாமல் முறிகிறது என்று ஆறு முறை குறித்து, சராசரி எடுக்க வேண்டிய சோதனை அது. என் பக்கத்தில் ஆறு கட்டங்களிலும் 58 என்றே இருக்கிறது. கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே பயிற்சிப் பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும். அந்தக் கருவியை நான் அன்றுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பொறியாளர் அப்ரண்டிஸாகச் சேரும்போது எனக்குச் சொன்னது வேறு. முதலில் துணைமின் நிலையப் பராமரிப்பு, பிறகு ரிலே பாதுகாப்பு, கடைசியில் புதிய கருவிகளைச் சோதித்து மின்சாரம் ஏற்றும் பிரிவு என்று அட்டவணையே போட்டுக் காட்டினார்கள். சேர்ந்த மறுவாரம் கிடங்குக்கு அனுப்பினார்கள். கேபிள் டிரம்களை எண்ணினேன், இன்சுலேட்டர் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன், மற்றவர்களின் பெர்மிட் படிவங்களைத் தட்டச்சு செய்தேன். 16 மாதங்கள் இப்படியே போயின. கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாதம் மாற்றிவிடுகிறோம்" என்ற பதில்தான் வந்தது. இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பயிற்சிப் பொறுப்பாளரை மொத்தம் நான்கு முறை பார்த்திருப்பேன். வெளி மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தைய மாலை வந்தவர், எனக்கு முன்பு இருந்த அப்ரண்டிஸின் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். "தேதியை மட்டும் மாற்றி எழுதிவிடுங்கள் தம்பி, எல்லோரும் இப்படித்தான் முடிக்கிறார்கள்" என்றார். எழுதினேன். ஒரே இரவில் 23 பதிவுகள். அதில் என் தவறும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மறுத்தால் மதிப்பீடு தள்ளிப்போகும், பயிற்சிக்காலம் நீளும் என்று ஒவ்வோர் அப்ரண்டிஸும் பயப்படுவான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே செய்கிறார்கள் என்பதுதான் இன்றும் என்னைக் கொதிக்க வைக்கிறது.

அந்தப் பதிவேடு என்ன செய்யும் என்பது அடுத்த வேலையில்தான் புரிந்தது. சி.டி. எனப்படும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் (பெரிய மின்னோட்டத்தை மீட்டர் அளக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கருவி) சுற்றுச் சோதனையில் 'தனியாகச் செய்யத் தகுதி பெற்றவர்' என்று அதில் இருந்தது. அதை நம்பி, மின்பளு ஓடிக்கொண்டிருந்த ஒரு பேனலில் பழுதான ஆம்மீட்டரை மாற்றச் சொன்னார்கள். சின்ன வேலைதானே என்று திருகுளியை ஆம்மீட்டரின் முனையில் வைத்தேன். பக்கத்தில் நின்ற மூத்த டெக்னீஷியன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "லிங்க் போட்டாயா தம்பி?" என்று கேட்டார். எந்த லிங்க் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்றில் ஓடுவது வழக்கமாக 1 ஆம்பியரோ 5 ஆம்பியரோதான், பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். முதன்மைப் பக்கம் மின்சாரம் ஓடும்போது இரண்டாம் சுற்றைத் திறந்துவிட்டால், முதன்மைப் பக்கத்து மின்னோட்டம் முழுவதும் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கவே போய்விடும். திறந்த முனைகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். ஆளைக் கொல்லவும் பேனலை எரிக்கவும் அது போதும். அதனால்தான் மீட்டரைத் தொடும் முன், இரண்டாம் சுற்றின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்து மூடிவைக்கும் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட வேண்டும். அவர் இரண்டு லிங்க்குகளையும் நகர்த்தி, திருகுகளை இறுக்கினார். துடித்துக்கொண்டிருந்த ஆம்மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகே என் கையை விட்டு, "இப்போது கழற்று" என்றார். எனக்குக் கை நடுங்கியது, கழற்ற முடியவில்லை.

சேரப் போகிறவர்கள் கம்பெனி காட்டும் அட்டவணையைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அங்கே இப்போது பயிற்சியில் இருக்கும் அப்ரண்டிஸைத் தனியாகச் சந்தித்து, போன மாதம் கையால் என்ன வேலை செய்தாய் என்று கேளுங்கள். உங்கள் பதிவேட்டில் கையெழுத்திடப் போகிறவர் அதே இடத்தில் தினமும் வேலை செய்கிறவரா என்று விசாரியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர் என்றால் அங்கே கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று பொருள். விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற வரி இருந்தால், அவர்கள் தர வேண்டிய பயிற்சி என்னென்ன என்பதும் அதே ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே போன பிறகு, அன்றன்று செய்ததை உங்கள் சொந்த நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். என்னிடம் அப்படி ஒரு நோட்டு இல்லாததால், புகார் கொடுத்தபோது காட்ட ஒன்றுமே இல்லாமல் போனது.

மின்பாதையில் ஏறச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். "லைன் ஆஃப்தான்" என்ற வாய்ச்சொல் போதாது. துண்டித்து, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று கருவியால் சோதித்து, எர்த் கட்டிய பிறகுதான் அது செத்த லைன். பக்கத்தில் உயிருள்ள பாதை ஓடினால், துண்டித்த கம்பியிலும் தூண்டப்பட்ட மின்னழுத்தம் இருக்கும். அப்ரண்டிஸுக்கு இதைக் கேட்க உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள்.

நடந்ததை இப்போதைய மேலாளரிடம் சொல்லிவிட்டேன். 23 பதிவுகளையும் நீக்கச் சொல்லி மதிப்பீட்டு அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். அவற்றை ஒவ்வொன்றாக முதலிலிருந்து செய்து வருகிறேன். போன வாரம் எண்ணெய்ச் சோதனை. எண்ணெயை ஊற்றி, குமிழி அடங்கக் காத்திருந்து, ஒவ்வொரு முறிவுக்கும் இடையே இரண்டு நிமிடம் விட்டு ஆறு முறை எடுத்தேன். 61, 54, 63, 57, 66, 59. சராசரி 60.