மிலானா, கோர்ட்டினாவா, திரானோவா? விண்டர் ஒலிம்பிக்ஸுக்கு எங்க ரூம் போடறது

"மிலானோ கோர்ட்டினா 2026"னு பேரப் பாத்துட்டு ரெண்டும் தாம்பரம் செங்கல்பட்டு மாதிரி பக்கத்து பக்கத்து ஊருன்னு நினைச்சுத்தான் நானும் பிளான் போட ஆரம்பிச்சேன். மேப்பத் தொறந்தா நடுவுல 400 கிலோமீட்டர் ரோடு, கடைசில மலை ஏத்தம் வேற. இத்தாலில நடக்கற இந்த ஒலிம்பிக்ஸ் பிப்ரவரி 6ல இருந்து 22 வரைக்கும், நமக்கு கைல இருக்கறது ஏழு நாள் லீவு, ரெண்டு ஊரையும் பாத்துடலாம்ங்கற ஆசைய அன்னைக்கே விட்டுட்டேன்.

வீட்டுல ரெண்டு கட்சி. எங்க வீட்டுக்காரருக்கு ஐஸ் ஹாக்கி பாக்கணும், 2014க்கு அப்புறம் இப்பத்தான் என்எச்எல்ங்கற அமெரிக்கா, கனடா ஹாக்கி லீக் பிளேயர்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஆடறாங்களாம், அதையே ஒரு மாசமா சொல்லிட்டு இருக்காரு. எனக்கும் அத்தைக்கும் பனி பாக்கணும், அவ்ளோதான்.

அவர் கட்சிக்கு மிலான் தான். ஹாக்கி, ஃபிகர் ஸ்கேட்டிங், ஸ்பீட் ஸ்கேட்டிங் எல்லாம் அங்க தான், எல்லாமே கூரைக்கு கீழ, ஃபிகர் ஸ்கேட்டிங் நடக்கற அசாகோ ஃபோரம் வாசல்லயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு. ராத்திரி மேட்ச் முடிஞ்சாலும் ரூமுக்கு வந்துடலாம், வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனா பனிய மட்டும் நம்பிப் போகாதீங்க, பிப்ரவரி மிலான் ஜில்லுனு சாம்பல் கலர்ல இருக்கும், கீழ வெள்ளையா பாக்கறது அபூர்வம். இன்னொன்னு, வெஜிடேரியன்னா அந்த மஞ்சள் ரிசோட்டோவப் பாத்து குங்குமப்பூ சாதம் தானேன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க, மாட்டு எலும்பு மஜ்ஜையும் இறைச்சி சாறும் போட்டு செய்யறது தான் அங்க வழக்கம், கேட்டுட்டு சாப்பிடுங்க.

கோர்ட்டினா அழகுன்னா அழகு, போட்டோல பாத்தாலே போயிடணும்னு தோணும். 1956லயே ஒலிம்பிக்ஸ் நடத்தின ஊரு. பெண்கள் ஸ்கீ ரேஸ், ஐஸ்ல கல்லத் தள்ளி விடற கர்லிங், சறுக்கு வண்டில போற பாப்ஸ்லெட், லூஜ் எல்லாம் அங்க. ஆனா ட்ரெயின் கிடையாது! இருந்த லைன 1964லயே மூடிட்டாங்க, இப்ப அது சைக்கிள் பாதை. வெனிஸ் மெஸ்த்ரேல இறங்கி பஸ் புடிக்கணும், இல்லன்னா வடக்க தொப்பியாக்கோ வரைக்கும் ட்ரெயின்ல போயி அங்கிருந்து 30 கிலோமீட்டர் பஸ். சரி வெனிஸ்லயே தங்கிடலாமேன்னா பிப்ரவரி 17 வரைக்கும் அங்க கார்னிவல், ரூம் ரேட்டு எகிறி நிக்கும். கோர்ட்டினால ரூம் ரேட்டப் பாத்துட்டு அவர் ஒன்னுமே பேசல, லேப்டாப்ப மூடிட்டு டீ போடப் போயிட்டாரு. பணம் பிரச்சனை இல்ல, ஸ்கீயிங் தான் உயிர்னு இருக்கறவங்க தாராளமா போங்க, எங்களுக்கு செட் ஆகாது.

வெரோனாவயும் ஒரு நாள் யோசிச்சோம். நிறைவு விழா அந்த 2000 வருஷப் பழைய ரோமானிய அரங்கத்துல தான், மிலானுக்கும் வெனிஸுக்கும் நடுவுல ட்ரெயின் லைன்ல இருக்கு. ஆனா பக்கத்துல இருக்கற மலைப் போட்டின்னா ஃபியம்மே பள்ளத்தாக்கு தான், அங்க ஸ்கீ ஜம்பிங் சாயந்திரத்துக்கு மேல, முடிஞ்சு பஸ், ட்ரெயின்னு மாறி ராத்திரி திரும்பறதுக்குள்ள உயிர் போயிடும். கேன்சல்.

கடைசில சிக்கினது திரானோ. ரொம்ப பேரு கண்டுக்காத சின்ன ஊரு. மிலான் சென்ட்ரல்ல இருந்து ஒரே ட்ரெயின், ரெண்டரை மணி நேரம், வழில கொஞ்ச தூரம் கோமோ ஏரிய ஒட்டியே போகுது. அங்கிருந்து போர்மியோ பஸ்ல ஒரு மணி நேரம் தான், ஆண்கள் ஸ்கீ ரேஸ் எல்லாம் அங்க. நம்ம ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங்ல இந்தியாவுக்காக தனி ஆளா போயி ஓடினாரே, கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ஜெயண்ட் ஸ்லாலமும் ஸ்லாலமும், அதே ரேஸ் தான், ஸ்லாலம் பிப்ரவரி 16. ஒரு விஷயம், ஸ்கீ ரேஸ நேர்ல பாக்கப் போனா முழுசா தெரியாது, ஃபினிஷ் கிட்ட நின்னா கடைசிப் பகுதி தான் கண்ணுக்கு, மிச்சமெல்லாம் பெரிய ஸ்க்ரீன்ல. அதுக்கு மணிக்கணக்கா பனில நிக்கணும், அத்தை வரமாட்டாங்க.

அவங்களுக்குத்தான் சிவப்பு ட்ரெயின். திரானோ ஸ்டேஷன் பக்கத்துலயே பெர்னினா ட்ரெயின் கிளம்புது, பனி மலைக்குள்ள புகுந்து சுவிட்சர்லாந்து போகுது, ஹீட்டர் போட்ட பெட்டில உக்காந்துட்டே பனி பாக்கலாம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேத்து ஒரே விசாவா தர்ற ஷெங்கன் விசாலயே போயிட்டு வரலாம், தனி விசா வேண்டாம். சாப்பாடும் கவலை இல்ல, அங்க பிட்ஸொக்கெரின்னு ஒன்னு, பக்வீட்னு ஒரு தானிய மாவுல பட்டையா நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், சீஸ் போட்டது, கறி கிடையாது.

ஆக எங்க கணக்கு: 11ம் தேதி மிலான்ல இறங்கி மூணு ராத்திரி, அதுல ரெண்டு ஹாக்கி மேட்ச், 14ம் தேதி திரானோ, 16 ஸ்லாலம், 17 சிவப்பு ட்ரெயின், 18 திரும்பறோம். ஒரே லைன், லக்கேஜத் தூக்கிட்டு அலையற வேலை இல்ல.

விசா விஷயத்த கடைசிக்கு வைக்காதீங்க. ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, 30,000 யூரோ கவர் பண்ற இன்சூரன்ஸ் கட்டாயம். விசா கைக்கு வர்ற வரைக்கும் ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கற ரூம் மட்டும் போடுங்க. லீவே கிடைக்கலன்னா மார்ச் 6ல இருந்து 15 வரைக்கும் மிலான், கோர்ட்டினா பக்கமே பாராலிம்பிக்ஸ் இருக்கு, மிலான்ல பாரா ஐஸ் ஹாக்கியும் உண்டு. அத எங்க வீட்டுக்காரர் கிட்ட இன்னும் சொல்லல, சொன்னா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு.