சிசர் லிஃப்டா, பூம் லிஃப்டா: எந்தப் பயிற்சி எடுப்பது?

ஆளை உயரே தூக்கும் மேடை வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பு ஐபாஃப் (IPAF). அதன் பேல் கார்டு (PAL, அந்த வண்டிகளை ஓட்டப் பயிற்சி பெற்றதற்கான அட்டை) எடுக்கப் போகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம், 3ஏ போதுமா, 3பி-யும் வேண்டுமா என்பதுதான். 3ஏ என்றால் சிசர் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும் வண்டி. 3பி என்றால் கையை நீட்டிக்கொண்டு போகும் பூம் லிஃப்ட். கார்டு இரண்டுக்குமே 5 வருடம்தான்.

சிசரில் மேடை சக்கரங்களுக்கு நேர் மேலேயே இருக்கும். தரை சமமா, காற்று எப்படி, தலைக்கு மேல் பீம் இருக்கிறதா என்பதில்தான் கண் இருக்க வேண்டும். சுற்றிலும் கம்பித் தடுப்பு இருப்பதால் பொதுவாக ஹார்னெஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கட்டாயமில்லை, தயாரிப்பாளரோ சைட்டோ சொன்னால் போட்டே ஆக வேண்டும்.

பூம் அப்படி இல்லை. கீழே ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே மேலே ஆள் நிற்கும் கூடை சாட்டை மாதிரி உதறும், ஆளை வெளியே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் முழு உடல் ஹார்னெஸும் குட்டைக் கயிறும் வேண்டும், அந்தக் கயிற்றையும் கூடைக்குள் அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் மாட்ட வேண்டும், பக்கத்துக் கட்டடத்தில் மாட்டவே கூடாது. அப்புறம், பூமைத் தாங்கும் வண்டியின் மேல்பகுதி முழுக்கப் பின்பக்கம் திரும்பியிருந்தால் லீவரை முன்னால் தள்ளும்போது வண்டி உங்களுக்குப் பின்னால் நகரும், புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கிடங்குக்குள் மட்டும் வேலை என்றால் 3ஏ போதும். வெளியே கட்டுமான சைட் என்றால் 3பி-யும் சேர்த்தே எடுங்கள், 3ஏ கார்டை வைத்துக்கொண்டு பூமில் ஏறாதீர்கள். எதை எடுத்தாலும் சரி, தரையில் நின்றபடியே மேடையை அவசரமாகக் கீழே இறக்கும் முறையை உங்கள் கையாலேயே செய்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.