டீட்டெயில்ஸா, டயலாகா: பாம்பன் கரைக்கு எது ஒத்துவரும்?

பாம்பன், மண்டபம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் கட்டுவதாக வையுங்கள். மேலே காற்று எச்சரிக்கை, கீழே கடலுக்குப் போக வாங்கும் அனுமதி டோக்கனின் விவரம், நண்டு, கணவாய், சீலா விலை. சின்னத் திரையில் இத்தனையும் அடங்காது. கொஞ்சத்தை மடித்துத்தான் வைக்க வேண்டும். அதற்கு, பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லிலேயே இரண்டு டேக் (குறிச்சொல்) இருக்கின்றன: தட்டினால் விரியும் மடிப்பான டீட்டெயில்ஸ், பக்கத்தின் மேல் திறக்கும் பெட்டியான டயலாக்.

வயதில் டீட்டெயில்ஸ் மூத்தது: க்ரோமில் 2011, ஃபயர்ஃபாக்ஸில் 2016, எட்ஜில் 2020. டயலாக் க்ரோமுக்கு 2014-லேயே வந்தது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில்தான் சேர்த்தன. அதுவரை டிவ் என்ற பொதுவான டேக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் வைத்துத்தான் பாப்அப் கட்டினார்கள். வேறு என்ன செய்வது?

வித்தியாசம் தெரிவது பழைய போனில். ஜியோபோனின் இயங்குதளமான காய்ஓஎஸ் 2.5, ஃபயர்ஃபாக்ஸின் உள் இயந்திரமான கெக்கோவின் 48-ஆம் பதிப்பின் மேல் கட்டியது. ஃபயர்ஃபாக்ஸில் டீட்டெயில்ஸ் இயல்பாக வேலை செய்யத் தொடங்கியது 49-ஆம் பதிப்பில். ஒரே ஒரு பதிப்பில் தவறிய கதை. ஆனாலும் நஷ்டமில்லை: டேக் புரியாத பிரவுசர் மடிப்பை விரித்தே காட்டும். பக்கம் நீளும், விலை தெரியும்.

டயலாக் அப்படியல்ல. புரியாத பிரவுசரில் மூடியிருக்க வேண்டிய பெட்டி பக்கத்தின் நடுவில் திறந்து கிடக்கும். திறக்கும் பட்டனை அழுத்தினால், பெட்டியைத் திறக்கும் கட்டளையான 'ஷோமோடல்' இல்லையென்று பிழை வந்து, அதன் பின்னால் எழுதிய வரிகள் ஓடாது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் ஃபார்மின் மெத்தடை (அனுப்பும் முறையை) 'டயலாக்' என்று எழுதியிருந்தால், பழைய பிரவுசர் அதை வழக்கமான 'கெட்' முறை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தையே மறுபடி இறக்கும். சிக்னல் மெலிந்த இடத்தில் அது பெரிய தொல்லை. ஆகவே 'ஷோமோடல்' இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். இல்லாவிட்டால் ஃபார்மைத் தனிப் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் உறுதி கேட்க டயலாக்தான் சரி. கீபோர்டு நகர்வு பின்னால் உள்ள பக்கத்துக்குத் தாவாது, எஸ்கேப் அழுத்தினால் மூடும். விலைப்பட்டியலுக்கு அது வேண்டாத சுமை.

டீட்டெயில்ஸில் கவனிக்க வேண்டியது ஒன்று: மடிப்பின் தலைப்பான சம்மரி டேக், அதற்குள் முதல் டேக்காக இருக்க வேண்டும். சம்மரியே இல்லையென்றால் பிரவுசர் தானாக ஒரு தலைப்பைப் போட்டுக்கொள்ளும்; எந்த மீனின் விலை உள்ளே இருக்கிறது என்று திறக்காமல் தெரியாது. பல மடிப்புகளுக்கும் ஒரே 'நேம்' கொடுத்தால் ஒன்று திறக்கையில் மற்றது மூடும். 2023 டிசம்பருக்கு முந்தைய க்ரோமில் இது நடக்காது, இரண்டும் திறந்திருக்கும், அவ்வளவுதான்.

காற்று எச்சரிக்கையை மட்டும் எதற்குள்ளும் மடிக்காதீர்கள். அது சாதாரணப் பத்தியாக, ஸ்கிரிப்ட் எதையும் நம்பாமல், முதல் வரியிலேயே இருக்கட்டும்.