டெல்லித் தமிழர்கள் கவனத்துக்கு: ஊருக்குப் போகுமுன் ஃப்ரிட்ஜ் கேஸை இறக்க விடாதீர்கள்

நவம்பர் புகைக்கும் ஜனவரிக் குளிருக்கும் பயந்து, மார்கழிக் கச்சேரி, பொங்கல் எல்லாம் முடிய சென்னையில் இருந்துவிட்டு வரும் குடும்பங்கள் மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் நிறைய. பூட்டப்போகும் வீடு என்று தெரிந்தாலே சில மெக்கானிக்குகள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

இரண்டு மாதம் ஓடாவிட்டால் குளிரூட்டும் கேஸ் உறைந்து, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிடும் என்று சொல்லி, வந்த மெக்கானிக் பின்பக்கக் குழாயை வெட்டி கேஸை வெளியே விட்டார். அதற்கு 1,800 ரூபாய். திரும்பி வந்ததும் நிரப்ப 4,500. இரண்டுக்கும் பில் கிடையாது. உண்மையில் காலி செய்ய வேண்டியது ஐஸ் மேக்கருக்கு நீர் கொண்டுவரும் குழாயை, அதாவது தண்ணீர் லைனை; அதை அவர் தொடவே இல்லை. ஃப்ரிட்ஜுக்குள் நீரை விடும் இன்லெட் வால்வின் மூட்டு கசிந்து பக்கத்து அலமாரியின் ப்ளைவுட் ஊதிவிட்டது. கதவை வேறு இறுக்கி மூடியிருந்தார், கதவோர ரப்பர் பட்டையான கேஸ்கட்டின் மடிப்பெல்லாம் கறுப்புப் பூஞ்சை.

கேஸ் உறையும் என்பது முழுப் பொய். இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது உறைய மைனஸ் 159 டிகிரி வேண்டும். சீல் செய்த குழாய்க்குள் சுற்றும் கேஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறையாது, கெடாது. வெட்டினால்தான் ஆபத்து. காற்றும் ஈரமும் உள்ளே போகும். பிறகு ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றி, வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்து, உள்ளே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவைத் தராசில் எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் பார்த்து உத்தேசமாக ஏற்றுகிறவரை நம்பாதீர்கள். இது தீப்பிடிக்கும் கேஸ், சமையலறையில் குழாய் ஒட்டும் நெருப்பு டார்ச்சைப் பற்றவைக்க விடவே கூடாது.

ஊருக்குப் போகுமுன் ஃப்ரிட்ஜை நிறுத்தி வைக்க மெக்கானிக்கே தேவையில்லை. முதலில் ஐஸ் மேக்கரை ஆஃப் செய்யுங்கள், கம்பிக் கை உள்ள மாடலில் அதைத் தூக்கிவிட்டால் போதும். தண்ணீர் லைன் வால்வை மூடிவிட்டு, டிஸ்பென்ஸர் இருந்தால் நீர் நிற்கும்வரை அழுத்துங்கள். இதைப் ப்ளக்கைப் பிடுங்குமுன் செய்ய வேண்டும், ஏனென்றால் இன்லெட் வால்வு கரன்ட் இருந்தால்தான் திறக்கும். பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, பின்னால் உள்ள கால் அங்குலக் குழாயைக் கழற்றி மிச்ச நீரை ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். வாட்டர் ஃபில்டரை எடுத்துவிடுங்கள்; ஃபில்டர் இல்லாத இடத்தில் பைபாஸ் மூடி கேட்கும் மாடல் என்றால் அதைப் போடுங்கள். ஐஸைக் கொட்டி, கதவைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பனியைத் தானே உருக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜிலும் பின் பலகைக்குள் பனி இருக்கும், அது உருகிக் கம்ப்ரஸருக்கு மேலுள்ள தட்டில் சேரும். அந்தத் தட்டைக் கட்டாயம் காலி செய்யுங்கள். நவம்பரிலும் டெல்லியில் டெங்கு இருக்கிறது, கொசு அங்கேதான் முட்டையிடும்.

ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடா கலந்து உள்ளே துடையுங்கள். கேஸ்கட் மடிப்பை விரலால் பிரித்து ஈரம் போகத் துடைக்க வேண்டும். கடைசியில் இரண்டு கதவிலும் சுருட்டிய துணியைச் செருகி இரண்டு அங்குலம் திறந்தே வையுங்கள்.

டெல்லி வீட்டுக்குள் குழாய் உறையாது, எனவே நீர் உறையாமல் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் என்று எதையாவது விற்றால் வாங்காதீர்கள். கடுங்குளிரான மணாலிப் பக்கம், ஃப்ரிட்ஜ் உள்ள கேரவனை (வீடுபோன்ற வண்டி) நிறுத்துகிறவர்களுக்கு விஷயம் வேறு. லைனில் நீர் தங்கினால் உறைந்து வால்வை உடைத்துவிடும், சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். அங்கேயும் கார் கூலன்ட் கூடவே கூடாது, அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம்.

திரும்பி வந்ததும் புது ஃபில்டர் போட்டு லைனை நன்றாக ஓடவிடுங்கள், முதல் நாள் ஐஸ் முழுவதையும் கொட்டிவிடுங்கள். யாராவது கேஸை இறக்கச் சொன்னால் காரணத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.