தள்ளுபடியை வைத்து டீலரை எடை போடாதீர்கள்

புது கார் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு வண்டி விற்ற டீலர், நான் விசாரித்த மற்ற எல்லாரையும்விடக் குறைத்துத்தான் கொடுத்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஷோரூமில் அவ்வளவு மரியாதை, போன் அடித்தால் உடனே எடுப்பார்கள். சாவி கைக்கு வந்ததோடு அதெல்லாம் முடிந்தது.

சர்வீஸுக்கு விட்டால், ஜாப் கார்டில் (என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதும் தாள்) நான் கையெழுத்துப் போட்டபோது இல்லாத இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங் என்று இன்ஜினைச் சுத்தம் செய்யும் வேலைகள் எல்லாம் பில்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வண்டியோடு தந்த கையேட்டில் அந்தக் கிலோமீட்டருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால், "எல்லா வண்டிக்கும் செய்றதுதான் சார்." காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் மாற்றியதாகவும் போட்டிருந்தார்கள். சந்தேகப்பட்டு, வீட்டுக்கு வந்ததும் க்ளவ் பாக்ஸை இறக்கிப் பார்த்தேன் (பல கார்களில் அதன் பின்னால்தான் இருக்கும், நீங்களே பார்க்கலாம்). மடிப்புக்குள் சருகு சிக்கிக் கறுத்துப்போன அதே பழைய ஃபில்டர்!

இதைவிட ஆத்திரம் வந்தது பிரேக் விஷயத்தில். வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று சொல்லி வண்டியை விட்டேன், "ஓட்டிப் பார்த்தோம், பிரச்சினை இல்லை" என்று எழுதித் தந்தார்கள். விடும்போது நான் எடுத்த போட்டோவில் இருந்த கிலோமீட்டர்தான் வாங்கும்போதும் இருந்தது. ஓட்டவே இல்லை. அப்புறம் அதே கம்பெனியின் வேறொரு சர்வீஸ் சென்டரில் முன்பக்க பிரேக் டிஸ்க் சீராக இல்லை என்று அளந்தே காட்டினார்கள். குடும்பத்தோடு போகிற வண்டி, பிரேக்கில் போய்ப் பொய் சொல்வார்களா?

பொதுவாகப் புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்பது கொஞ்சம்தான், சர்வீஸ், உதிரி பாகம், இன்சூரன்ஸ் கமிஷன் இவற்றில்தான் காசு. விலையில் விட்டதை எங்கே பிடிப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி ஒரு தடவை, சர்வீஸ் வண்டி இருக்கும் வரை.

வாங்கிய இடத்தில்தான் சர்வீஸ் விட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டினால் நம்பாதீர்கள், கம்பெனி வாரண்டி பொதுவாக அதே கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். ஆனால் முன்பணம் கட்டும் சர்வீஸ் பேக்கேஜ் வேறு கதை, மற்ற டீலரிடம் செல்லுமா என்று எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். பக்கத்தில் இரண்டு சர்வீஸ் சென்டர் இருந்தால் சரி, விலை குறைவான இடத்தில் வாங்கிக்கொண்டு நல்ல இடத்தில் சர்வீஸ் விடலாம். ஒன்றுதான் என்றால் அதன் சர்வீஸ் எப்படி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டெலிவரி எடுத்த அன்றைக்கே சந்தோஷத்தில் எழுதிய ரிவ்யூ எதற்கும் உதவாது. வண்டிகளைத் திருப்பித் தரும் சாயங்கால நேரத்தில் சர்வீஸ் பக்கம் போய் நில்லுங்கள், பில்லை வரிவரியாக விளக்குகிறார்களா, வாடிக்கையாளர் சண்டை போடுகிறாரா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மாற்றுகிற பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும், கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுத வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத மாட்டேன் என்றால் சாவியைக் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.