கரையிலிருந்து பெரிய சுறா: ஸ்பின்னிங் ரீலா, இரட்டை வேக ரீலா?

பிடிக்கிற சுறாவை உயிரோடு திருப்பி விடத்தான் போகிறோம் என்றால், ரீல் (தூண்டில் கயிற்றைச் சுற்றி எடுக்கும் கருவி) வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது. எவ்வளவு தூரம் வீசலாம், எவ்வளவு நரம்பு (தூண்டில் கயிறு) கொள்ளும் என்பதெல்லாம் அப்புறம். மீனை எவ்வளவு சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர முடியும் என்பதுதான் முதல் கேள்வி. நான் பெரிய ஸ்பின்னிங் ரீலில் (ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் பகுதி, சுழலாமல் நிற்க, நரம்பு அதன்மேல் வந்து சுற்றும் வகை) தொடங்கி, இப்போது இரட்டை வேக லீவர் டிராக் ரீலுக்கு (ஸ்பூலே சுழலும், மேல் கீழ் என இரண்டு கியர் உள்ள, டிராக்கை ஒரு நெம்பால் கூட்டிக் குறைக்கும் வகை) மாறியிருக்கிறேன். டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பு வெளியே போகாமல் தடுக்கும் பிரேக். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஸ்பின்னிங் ரீலின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. வீசுவதும் பழகுவதும் சுலபம், தனி ஆளுக்கு வசதி. 20000 அளவு (பெரிய அளவு) ரீலில் பிரெய்டு நரம்பு (பின்னிய மெல்லிய நரம்பு) சுற்றினால் நீளத்துக்குக் குறைவிருக்காது. சுறா திடீரென்று கரையை நோக்கித் திரும்பி ஓடிவரும்போது, தளர்ந்த நரம்பைச் சட்டென்று சுற்றி எடுக்க இதுதான் கெட்டி. இந்த ஒரு விஷயத்தில் இரட்டை வேக ரீல் பின்தங்கித்தான் நிற்கிறது. நமீபியக் கரையில் காப்பர் சுறாக்கள் வீச்சுத் தூரத்துக்குள்ளேயே வருகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வீசிப் பிடிப்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன்.

ஆனால் எதிரே இருப்பது இரண்டரை, மூன்று மீட்டர் சுறா என்றால் கதை வேறு. பெட்டியில் போட்டிருக்கும் டிராக் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்றைய நல்ல ஸ்பின்னிங் ரீல்களும் இருபது கிலோவுக்கு மேல் டிராக் தருகின்றன. அந்த இருபது கிலோவை மணலில் நின்றுகொண்டு யார் தாங்குவது? ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்குகிறது. ஹார்னஸ் வாரை (ரீலை உடம்போடு இணைக்கும் பட்டையை) மாட்ட அதில் வளையம் கிடையாது. முழுப் பாரமும் கையிலும் தோளிலும் இறங்கும். கை ஓய்ந்ததும் நாமே டிராக்கைக் குறைத்துவிடுகிறோம். அந்த இடைவெளியில் சுறா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஓடுகிறது. சண்டை நீள்வது இப்படித்தான்.

இரட்டை வேக ரீல் ராடின் மேல் உட்காருகிறது. அதன் தலையில் இருக்கும் இரண்டு வளையங்களில் ஹார்னஸை மாட்டிவிட்டால், பாரம் இடுப்புக்கும் தொடைக்கும் போய்விடும். உடம்பைப் பின்னால் சாய்த்தாலே போதும், அழுத்தம் விடாமல் இருக்கும். அப்புறம் கீழ் கியர். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஒன்றரைச் சுற்றுக்கும் குறைவாகவே திரும்புவதால், சுறா அசையாமல் அடம்பிடித்து நிற்கும்போதும் அங்குலம் அங்குலமாக இழுத்துவிடலாம். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு ஒரு சிறிய வழிகாட்டி உருளையில் செங்கோணமாகத் திரும்பித்தான் உள்ளே வர வேண்டும். பாரம் ஏறியதும் கைப்பிடி சுற்றவே வராது. ராடைத் தூக்கி, இறக்கி, இறக்கும்போது சுற்றி என்று ஒவ்வொரு மீட்டருக்கும் போராட வேண்டும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? சுறா போராடப் போராட அதன் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. நீந்திப் போகவிட்ட பிறகும் அதனால் சாகலாம். நாம் பார்க்கும்போது நன்றாகத்தான் போகும். எல்லாச் சுறாவும் ஒன்றல்ல. புலிச் சுறாவும் செவிலிச் சுறாவும் தாங்கும். கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) தாங்காது, அதிலும் பெரிய கொம்பன் மிக மோசம். கொம்பனும் கருமுனைச் சுறாவும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாயும். களைத்துப்போய் ஆழமில்லாத தண்ணீரில் கிடந்தால் மூச்சே நின்றுவிடும். ஆகவே இருபது நிமிடத்தில் முடிவதும் ஒரு மணி நேரம் இழுபடுவதும் நமக்குத்தான் வெறும் களைப்பு. அதற்கு உயிர்ப் பிரச்சினை.

லீடர் (நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டு) விஷயத்திலும் இதே கதைதான். சுறாவின் தோல் உப்புத்தாள் மாதிரி நரம்பை அறுக்கும், வாலும் அடிக்கும். அதனால் தடித்த மோனோ (ஒற்றை இழை) லீடர் சுறாவின் உடல் நீளத்தைவிட அதிகம் இருக்க வேண்டும். அவ்வளவு நீளத்தை ராடால் வீச முடியாது. வீசுவதற்காக லீடரைக் குட்டையாக்கினால் நரம்பு அறுந்து, முள்ளோடும் தொங்கும் நரம்போடும் சுறா போய்விடும். இரட்டை வேக ரீலோடு, வீசாமல் கயாக்கில் (சிறிய துடுப்புப் படகில்) இரையைக் கொண்டுபோய் போடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ட்ரோனில் இரையை அனுப்புவது பற்றி அழுத்திச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் போதாது.

இரட்டை வேக ரீலுக்கும் குறைகள் உண்டு. விலை, எடை, இரவில் அலையைத் தாண்டிக் கயாக் தள்ளும் ஆபத்து. ஹார்னஸில் பூட்டிக்கொண்டு தனியாக நிற்கவே கூடாது. பின்னால் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தனியாகத்தான் போவேன் என்பவர் ஸ்பின்னிங் ரீலையே வைத்துக்கொண்டு, சிறிய சுறாக்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பராமரிப்பில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, மணலில் வைத்தால் இரண்டும் கெடும்.

எந்த ரீலானாலும் மற்றவை ஒன்றுதான். துருப்பிடிக்கும் வட்ட முள் (நுனி உள்பக்கம் வளைந்த தூண்டில் முள்), கைக்கெட்டும் இடத்தில் கம்பி வெட்டும் கட்டர், செவுள் தண்ணீருக்குள். சுறாவுக்கு விலா எலும்பு கிடையாது. மணலில் இழுத்தால் அதன் எடையே உள்ளுறுப்பை நசுக்கும். ஃபுளோரிடாவில் 2019 ஜூலை முதல் இவற்றையெல்லாம் விதியாகவே வைத்திருக்கிறார்கள்: கரையில் சுறா பிடிக்க அனுமதிச் சீட்டு, துருப்பிடிக்காத எஃகு முள்ளுக்குத் தடை, பிடிக்கக் கூடாத இனங்களின் செவுள் தண்ணீரை விட்டு வெளியே வரக் கூடாது. கொம்பனும் புலிச் சுறாவும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

புது இரட்டை வேக ரீலுக்குப் பணம் இடிக்கிறதென்றால், பழைய பென் செனட்டர் 9/0 ரீல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒரே வேகம்தான், லீவரும் இல்லை. ஆனால் ஹார்னஸ் வளையம் இருக்கிறது, உதிரிப் பாகமும் கிடைக்கும். டிராக் வாஷர்களை மட்டும் முதலில் மாற்றிவிடுங்கள்.